இங்கிலீஷ் ஈஸிதாங்க: பொட்டிப்புரத்தில் ஒரு நவுன் கிளாஸ்!

‘சுரங்கம்’ - இதுக்கு இங்கிலீஷ்ல என்ன? யோசிக்காம பட்டுனு சொல்லுங்க பார்ப்போம்.

‘மைன்’ என்று சொன்னவர்கள் இந்தப் பக்கம் நில்லுங்க. ‘டனல்’ என்று சொன்னவர்கள் அந்தப் பக்கம். சண்டை வேண்டாம், ரெண்டு பேரும் பாஸ்! நிலக்கரி, தங்கம் என்று தோண்டி எடுக்கிற இடம் மைன். மலையைக் குடைந்து போடுகிற பாதை டனல். பேச்சுவழக்கில் ரெண்டையும் ‘சுரங்கம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆங்கிலத்தில் ரெண்டும் தனித்தனி நவுன்.

‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ன்னு கேட்பவர்களைத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்கு அழைக்கிறேன். நியூட்ரினோ ஆய்வகம் என்று செய்தித்தாள்களில் அடிபட்ட அதே ஊர்தான். போடி மேற்கு மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு டனல், அதன் கடைசியில் ஒரு பெரிய குகை, அதற்குள் 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. இதுதான் திட்டம். சுமார் 1,500 கோடி ரூபாய் செலவுக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. ‘இந்த இடத்தில் வேண்டாம்’ என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலை இன்னும் குடையப்படவில்லை.

இந்த ஊர்க் கதையில் நவுன் வகைகள் அத்தனையும் இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா பிடிப்போம்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

பொட்டிப்புரம், தேனி, வைகை... இவை ஒரே ஒரு ஆளுக்கோ இடத்துக்கோ உரிய பெயர்கள். ப்ராப்பர் நவுன். முதல் எழுத்து கேப்பிட்டல். ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘தி’ வராது. ‘தி தேனி’ என்று எழுதினால் மார்க் போச்சு! ஆனால் ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் ‘தி’ வேணும்: ‘தி வைகை’, ‘தி வெஸ்டர்ன் காட்ஸ்’.

ஊர், ஆறு, மலை, டனல், நியூட்ரினோ... இவை இனத்துக்கே பொதுவான பெயர்கள். காமன் நவுன். ‘நியூட்ரினோ’ விஞ்ஞானப் பெயர்தானே, கேப்பிட்டல் போடணுமோ என்று குழம்ப வேண்டாம். வாக்கியத்தின் நடுவில் வந்தால் சின்ன எழுத்துதான். நிறைய இருந்தால் ‘நியூட்ரினோஸ்’.

இந்தப் பெயருக்கு ஒரு குட்டிக் கதை உண்டு. இப்படி ஒரு துகள் இருக்கணும் என்று 1930-ல் உல்ஃப்காங் பாலி ஊகித்தார். அவர் வைத்த பெயர் ‘நியூட்ரான்’. 1932-ல் ஜேம்ஸ் சாட்விக் வேறொரு கனமான துகளைக் கண்டுபிடிக்க, அந்தப் பெயர் அங்கே போய்விட்டது. அப்புறம் இத்தாலிக்காரர் என்ரிகோ ஃபெர்மி ‘நியூட்ரினோ’ என்ற பெயரைப் பரப்பினார். இத்தாலியில் ‘மின்சுமையில்லாத குட்டி’ என்ற மாதிரி அர்த்தம். செல்லப் பெயரே நிலைத்துவிட்டது!

இன்னொரு வேடிக்கை. நம்ம சத்யேந்திரநாத் போஸ் ப்ராப்பர் நவுன். அவர் பெயரிலிருந்து பிறந்த ‘போசான்’ காமன் நவுன். போஸுக்குப் பெரிய எழுத்து, போசானுக்குச் சின்ன எழுத்து. ஒரு வகை இன்னொரு வகையைப் பெற்றெடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா?

இரும்புக்கு ‘எஸ்’ உண்டா?

இரும்பு, பாறை, ஏலக்காய் மாதிரி பண்டங்களின் பெயர் மெட்டீரியல் நவுன். இவற்றை எண்ணுவதில்லை, அளக்கிறோம். ‘50,000 டன்ஸ் ஆஃப் அயர்ன்’ என்று சொன்னால் ‘எஸ்’ டன்னுக்குத்தான், அயர்னுக்கு இல்லை. போடியில் ஏலக்காய் வியாபாரம் பேசினாலும் அப்படித்தான்: ‘டூ கிலோஸ் ஆஃப் கார்டமம்’.

ஆனால் முன்னால் ஒரு ‘ஆன்’ போட்டுப் பாருங்க. ‘ஆன் அயர்ன்’ என்றால் துணி தேய்க்கிற பெட்டி! ‘ராக்’ என்றால் பாறை என்கிற பொருள், ‘எ ராக்’ என்றால் ஒரு கல். ‘கிளாஸ்’ கண்ணாடி, ‘எ கிளாஸ்’ டம்ளர். சொல் ஒண்ணுதான், வேலை வேற. எந்த வகை என்று அந்தச் சொல்லின் நெத்தியில் எழுதி ஒட்டியிருக்காது. வாக்கியத்தில் அது என்ன வேலை செய்யுது என்று பார்த்துத்தான் வகை சொல்லணும். இந்த வாரப் பாடத்தில் இதை மட்டும் அண்டர்லைன் பண்ணிக்குங்க.

ஒரு எச்சரிக்கை: இன்ஃபர்மேஷன், எவிடென்ஸ், எக்யுப்மென்ட், ஃபர்னிச்சர் - இதுக்கெல்லாம் ‘எஸ்’ கிடையவே கிடையாது. இன்டர்வியூவில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று ஆரம்பிச்சா எதிரில் இருப்பவர் பேனாவை எடுத்துவிடுவார். ‘எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று சொல்லிப் பழகுங்க. ‘ஃபிஸிக்ஸ்’ கடைசியில் ‘எஸ்’ இருக்கேன்னு ஏமாறாதீங்க. அது ஒருமைதான்: ‘ஃபிஸிக்ஸ் இஸ் ஈஸி’. (நம்பினால் நம்புங்க!)

கூட்டமும் பயமும்

கமிட்டி, டீம், ஹெர்ட் மாதிரி கூட்டத்தைக் குறிப்பது கலெக்டிவ் நவுன். ஒரே முடிவா செயல்பட்டால் ஒருமை: ‘தி கமிட்டி ஹேஸ் டிசைடட்’. ஆனால் மேய்கிற மாடுகளைக் குறிக்கும் ‘கேட்டில்’ எப்பவும் பன்மை: ‘தி கேட்டில் ஆர் கிரேஸிங்’.

நம்பிக்கை, வளர்ச்சி, பயம்... தொட முடியாது, ஆனால் உண்டு. அப்ஸ்ட்ராக்ட் நவுன். பொட்டிப்புரத்தைப் பற்றி ஒருவர் ‘தேர் இஸ் ஃபியர்’ என்று எழுதலாம். இன்னொருவர் ‘பீப்பிள் ஹேவ் ஃபியர்ஸ்’ என்று எழுதலாம். முதலாவதில் பயம் ஒரு மூட்டம். ரெண்டாவதில் எண்ணக்கூடிய தனித்தனிப் பயங்கள். வெடிவைத்தால் பாறை என்னவாகும்? ஊற்று வற்றுமா? புலி நடமாடும் வழி என்னாகும்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா பதில் கேட்கலாம், பதில் சொல்லியும் ஆகணும். ஒரே ஒரு ‘எஸ்’ செய்கிற வேலையைப் பார்த்தீங்களா!

நவுன் அட்ஜெக்டிவ் வேஷம் போட்டால்?

‘எ டனல் வில் பி பில்ட்’ - இங்கே டனல் சப்ஜெக்ட். ‘தே ப்ளான்ட் எ டனல்’ - இங்கே ஆப்ஜெக்ட். ‘இட் இஸ் எ டனல்’ - இங்கே காம்ப்ளிமென்ட். நாலாவதா ஒரு வேஷமும் உண்டு: ‘டனல் என்ட்ரன்ஸ்’. ஒரு நவுன் இன்னொரு நவுனுக்கு முன்னால் நின்று அட்ஜெக்டிவ் வேலை பார்க்கிறது. அப்போது பெரும்பாலும் ஒருமையில்தான் நிற்கும். ‘நியூட்ரினோ டிடெக்டர்’, ‘நியூட்ரினோஸ் டிடெக்டர்’ அல்ல. ‘டூ-கிலோமீட்டர் டனல்’, ‘டூ-கிலோமீட்டர்ஸ் டனல்’ அல்ல. பயோடேட்டாவில் ‘த்ரீ-இயர் கோர்ஸ்’ என்று எழுதுங்க.

பெயரில் என்ன இருக்கு? நிறைய இருக்கு!

இப்போ மறுபடி மைன், டனல் விஷயத்துக்கு வருவோம். 1965-ல் கோலார் தங்க வயலில் காற்றுமண்டல நியூட்ரினோக்களின் தடம் பதிவானது. அது நிஜமான மைன். தங்கத்துக்குத் தோண்டிய பள்ளத்தை விஞ்ஞானிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது டனல். எதையும் எடுத்து விற்க அல்ல. ஆனால் ‘மைன் இல்லை, டனல்தான்’ என்று சொல்லிவிட்டால் கேள்விகள் தீர்ந்துவிடுமா? டனலுக்கும் பாறையை வெடிவைத்து உடைத்துத்தானே ஆகணும்?

சட்டத்திலும் ஒரு நவுன் பிரச்சினை வந்தது. 2006-ம் வருட சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் ‘நிலத்தடி ஆய்வகம்’ என்று தனித் தலைப்பு கிடையாது. திட்டத்தை ‘பில்டிங் அண்ட் கன்ஸ்ட்ரக்ஷன் ப்ராஜெக்ட்ஸ்’ என்ற தலைப்பில் சேர்த்தார்கள். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எனவே இது வேறு பிரிவு என்று வாதம் வந்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் மறுபடியும் அனுமதி கொடுத்தது, கட்டடத் தலைப்பிலேயே! எந்தப் பெயரில் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து யார் விசாரிக்கணும், என்னென்ன கேட்கணும் என்பதே மாறிப்போகுது.

அதனால்தான் சொல்கிறேன், நவுன் என்பது ரெண்டு மார்க் கேள்வி மட்டும் இல்லைங்க. உங்க ஊரைப் பற்றி நாளைக்கு ஒரு ஆங்கில அறிக்கை வந்தால் அதில் முதலில் நவுன்களுக்கு வட்டம் போடுங்க. ‘ப்ராஜெக்ட்’ என்கிறார்களா, ‘மைன்’ என்கிறார்களா? ‘இம்பாக்ட்’ என்று பொத்தாம்பொதுவா இருக்கா, ‘இம்பாக்ட்ஸ்’ என்று ஒவ்வொன்றா எண்ணியிருக்காங்களா? பாதி அறிக்கை அங்கேயே புரிஞ்சிடும். ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அப்புறம் உங்க இஷ்டம்.

ஹோம்வொர்க் தரலேன்னா எப்படி? உங்க ஊர் ஆறு, மலை, விளைபொருள், கூட்டம், ஒரு நம்பிக்கை... இந்த ஐந்தையும் வைத்து ஐந்து ஆங்கில வாக்கியம் எழுதுங்க. ‘தி’ எங்கே வந்தது, ‘எஸ்’ எங்கே வரலைன்னு பக்கத்தில் காரணமும் எழுதணும். அடுத்த வாரம் ப்ரோநவுனோட வர்றேன், ரெடியா இருங்க!