சாமி வரம் கொடுத்தாலும் அக்கவுண்ட் வரம் கொடுக்கலையே!

ஹாஸ்டல்ல இரவல் போகாத பொருள் எதுன்னு ஒரு லிஸ்ட் போடுங்க பார்ப்போம். முதல் வருஷம் டிராஃப்டர் போகும். செமஸ்டர் அன்னிக்குக் காலையில கால்குலேட்டர் போகும். லேப் கோட், அயர்ன் பாக்ஸ், பக்கெட், பெட்ரோல் இல்லாத பைக், அக்கா கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போக ஒரு நல்ல சட்டை, எல்லாமே கை மாறும். சட்டை திரும்பி வரும்போது பட்டன் ஒண்ணு குறையலாம். ஆனா எந்தச் சட்டையும் "நீ யாரு, உன் மெயில் ஐடி என்ன"ன்னு கேட்டது கிடையாது.

இந்த வரிசையில லேட்டா வந்து சேர்ந்தது கையடக்க கேம் கன்சோல். நின்டென்டோ ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வெளியானது. இந்தியாவுல அதை அந்த நிறுவனம் அதிகாரபூர்வமா விற்கவே இல்லை. அதனால நம்ம கைக்கு அது வர்ற வழி ரெண்டுதான். ஒண்ணு, இறக்குமதிக் கடை. இன்னொண்ணு, சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்குற அண்ணனோட பெட்டி. அண்ணன் புது மாடல் வாங்குவார், பழசு ஊருக்கு வரும். "வெச்சு விளையாடுடா, அடுத்த தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கிறேன்"னு சொல்லுவார். அதாவது, நம்ம ஊர்ல கன்சோல் என்பதே பாதி நேரம் இரவல் பொருள்தான்.

பிரச்சினை ஸ்விட்ச் ஆன் பண்ணின நிமிஷமே ஆரம்பிக்கும்.

அண்ணன் வீட்டுல ஒன்பது வயசுப் பையன் இருந்தான்னு வைங்க. பெற்றோர் கட்டுப்பாடு போட்டிருப்பாங்க. ஸ்விட்ச்ல அது ஆளுக்கு ஆள் மாறாது, மொத்த மிஷினுக்கும் ஒரே கட்டுப்பாடு. அந்தப் பையன் தூங்கப் போற நேரத்துக்கு, இங்க தெர்மோடைனமிக்ஸ் எழுதி முடிச்சிட்டு வந்த 20 வயசு ஆளோட கேமும் நின்னு போகலாம். பின் நம்பர் கேட்டு அண்ணிக்கு வாட்ஸ்ஆப் பண்ற மானக்கேடு தனி.

அதைத் தாண்டினா அடுத்தது சேவ். இதைப் பல பேர் கவனிக்கிறதே இல்லை. ஸ்விட்ச்ல நீங்க ஆடின கணக்கு கேம் கார்டுல பதிவாகாது, மெமரி கார்டுலயும் பதிவாகாது. மிஷினுக்குள்ள, உங்க யூசர் பேருக்குக் கீழே பதிவாகும். ஒரு மிஷின்ல எட்டு யூசர் வரைக்கும் வைக்கலாம். நல்ல விஷயம், ஒரு ரூமுக்குத் தாராளமா போதும். ஆனா அண்ணன் தீபாவளிக்கு வந்து மிஷினை எடுத்துட்டுப் போனா உங்க 60 மணி நேரமும் அதோட பஸ் ஏறிடும். யாராவது "ஸ்டோரேஜ் ஃபுல்"னு உங்க யூசரை அழிச்சா, சேவும் சேர்ந்து அழியும். கிளவுட்ல ஏத்தலாமேன்னு கேப்பீங்க. அதுக்கு மாசச் சந்தாவோ வருஷச் சந்தாவோ கட்டணும். கட்டினாலும் போகிமான் வரிசையோட முக்கியமான ஸ்விட்ச் கேம்களுக்கு அந்த வசதி கிடையாது.

சிரிப்பு வர்ற உதாரணம் ஒண்ணு சொல்றேன். 2020ல வந்த அனிமல் கிராஸிங் நியூ ஹொரைசன்ஸ். லாக்டவுன்ல உலகமே ஆடின கேம். அதுல ஒரு மிஷினுக்கு ஒரே ஒரு தீவுதான். முதல்ல யார் ஆரம்பிச்சாங்களோ அவங்கதான் தீவோட பிரதிநிதி. அடுத்து வர்ற யூசருங்க அதே தீவுல குடியிருக்கலாம், ஆனா தீவு வளர்றது பிரதிநிதி எடுக்கிற முடிவைப் பொறுத்துதான். இரவல் மிஷின்ல அந்தப் பிரதிநிதி யாரு? துபாய்ல தூங்கிட்டு இருக்குற அண்ணன். நாம வாடகைக்குக் குடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் தொந்தரவு. இனி சொல்லப் போறதுதான் என்னோட வாதம்.

டிஜிட்டலா வாங்கின கேமை எடுத்துக்குவோம். பல வருஷமா ஸ்விட்ச்ல இருந்த முறை இது: ஒரு அக்கவுண்டுக்கு ஒரு முதன்மை கன்சோல். அதுல யார் வேணா, இணையம் இல்லாமலும் ஆடலாம். வேற கன்சோல்னா வாங்கினவர் மட்டும் ஆடலாம், அதுக்கும் இணையம் வேணும். திருப்பாதிரிப்புலியூர்ல பாசஞ்சர் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைன்னு சிதம்பரம் போய்ச் சேர்றதுக்குள்ள எங்கயாவது சிக்னல் போச்சுன்னா ஆட்டமும் போச்சு. கையடக்க கன்சோல்னு பேரு மட்டும்தான்.

2025 ஏப்ரல் கடைசியில மெய்நிகர் கேம் கார்டுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. டிஜிட்டல் கேமை ஒரு கார்டு மாதிரியே ஒரு மிஷின்ல இருந்து எடுத்து இன்னொண்ணுல போடலாம். இரவலும் கொடுக்கலாம். அடடா, நம்ம கஷ்டம் தீர்ந்துச்சுன்னு நினைக்கிறதுக்குள்ள விதியைப் படிங்க. இரவல் வாங்குறவர் உங்க "குடும்பக் குழு"வுல இருக்கணும். ஒருத்தருக்கு ஒரு நேரத்துல ஒரே கேம். 14 நாள்தான், அப்புறம் தானா திரும்பிப் போயிடும். கொடுக்கும்போது ரெண்டு மிஷினும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். அண்ணன் துபாய்ல, தம்பி கடலூர்ல. எப்படிப் பக்கத்துல வைக்கிறது? மிஷினையே கொடுத்துட்டுப் போனாலும், கார்டை அவர் தன்னோட புது மிஷினுக்கு மாத்தின உடனே இங்க ஓடாது.

பிசி பக்கம் ஸ்டீம் ஃபேமிலிஸ் 2024 செப்டம்பர்ல எல்லாருக்கும் வந்தது. ஆறு பேர் வரைக்கும் சேரலாம். முன்னாடி ஒருத்தர் ஆடினா மொத்த லைப்ரரியும் மத்தவங்களுக்குப் பூட்டிக்கும். இப்ப அப்படி இல்லை, ஆளுக்கு ஒரு கேம் ஒரே நேரத்துல ஆடலாம். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம், பாராட்டணும். ஆனா அங்கேயும் எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கணும்னு விதி. காலியான இடத்துல வேற ஆளைச் சேர்க்க ஒரு வருஷக் காத்திருப்பு. குடும்பத்துல ஒருத்தன் உங்க கேம்ல ஏமாத்தி விளையாடி மாட்டினா, அந்த கேம்ல உங்களுக்கும் தடை விழும்.

ரெண்டு இடத்துலயும் ஒரே வார்த்தைதான் இடிக்குது: குடும்பம். ஒரு கூரை, ஒரு அப்பா அம்மா, ஒரு கிரெடிட் கார்டு, ரெண்டு பிள்ளைங்க. இந்தப் படத்தை மனசுல வெச்சுதான் விதி எழுதியிருக்காங்க. விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி, காட்டுமன்னார்கோவில்னு நாலு ஊர்ல இருந்து வந்து நாலு வருஷம் ஒரே ரூம்ல கிடக்குறவங்க அந்தப் படத்துல எங்கயும் இல்லை. கூரை ஒண்ணுதான், ஆனா குடும்பம் இல்லை. அண்ணன் தம்பி ரத்த உறவுதான், ஆனா நடுவுல அரபிக் கடல். இரவல் யாருக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது கொடுக்குறவர். உறவு முறையை கம்பெனி சரிபார்க்கிறது எந்த ஊர் நியாயம்?

"கம்பெனிக்கு வேற வழியில்லை, டிஜிட்டல்னா ஒருத்தன் வாங்கி ஆயிரம் பேருக்குக் காப்பி போட்டுடுவான்"னு ஒரு பதில் வரும். இதை நான் அலட்சியம் பண்ண மாட்டேன். நாலு பேர் சேர்ந்து மூணு வருஷம் உழைச்சு ஒரு சின்ன கேம் பண்றாங்க, அதை ஒரு காலேஜ் மொத்தமும் ஒரே காசுக்கு ஆடினா அவங்க கதி என்ன? நம்மள்ல சில பேருக்கே அந்த நிலைமை நாளைக்கு வரலாம். ஆனா இதுக்கான விடை அந்த மெய்நிகர் கார்டுக்குள்ளேயே இருக்கு. ஒரு பிரதி, ஒரு நேரத்துல ஒரு ஆள். என்கிட்ட இருந்தா உன்கிட்ட இல்லை, உன்கிட்ட இருந்தா என்கிட்ட இல்லை. இதை மென்பொருளால உறுதிப்படுத்த முடியும்னு அவங்களே செஞ்சு காட்டிட்டாங்க. அப்புறம் 14 நாள் எதுக்கு, குடும்பம் எதுக்கு, பக்கத்துல பக்கத்துல எதுக்கு? காப்பியைத் தடுக்குற பூட்டு ஒண்ணு, இரவலைக் குறைக்கிற பூட்டு இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே சாவிக்கொத்துல மாட்டி "பாதுகாப்பு"ன்னு பேர் வெச்சிருக்காங்க.

சத்தம் போட்டா மாறும் என்பதுக்கும் சாட்சி இருக்கு. 2013 மே மாசம் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிச்சப்ப, 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை இணையத்துல சரிபார்க்கணும், டிஸ்க்கை இரவல் கொடுக்கவும் பழசா விற்கவும் கட்டுப்பாடு உண்டுன்னு சொன்னாங்க. ஜூன்ல சோனி ஒரு குட்டி வீடியோ விட்டாங்க, பிஎஸ்4 கேமை எப்படிப் பகிர்றதுன்னு. ஒருத்தர் இன்னொருத்தர் கையில டிஸ்க்கைக் கொடுப்பார், அவர் நன்றி சொல்லுவார், அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் முழுசா பின்வாங்கிட்டாங்க. ஆனா இதைச் சொல்லிக் குதிக்கிற நம்ம ஆளுங்க ஒண்ணை மறந்துடுறாங்க. அன்னிக்கு ஜெயிச்சது டிஸ்க்குதான். டிஜிட்டலா வாங்கினதுக்கு அந்தச் சுதந்திரம் அன்னிக்கும் கிடைக்கலை.

சட்டம் என்ன சொல்லுது? நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்துல புத்தகத்துக்கும் கணினி நிரலுக்கும் வித்தியாசம் உண்டு. ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்த புத்தகப் பிரதி மேல பதிப்பாளருக்கு மறுபடி பிடி கிடையாது. நிரலைப் பொறுத்தவரை, வியாபார ரீதியா வாடகைக்கு விடுற உரிமை உரிமையாளர்கிட்டயே நிக்குது. கவனிங்க, அங்க சொல்லியிருக்கிறது வியாபார வாடகை. காசு வாங்காம ரூம்மேட்டுக்குக் கொடுக்கிறதைப் பத்தி அந்தப் பிரிவு பேசலை. நம்மைக் கட்டிப் போடுறது சட்டத்தை விட, படிக்காம "ஏற்கிறேன்" அமுக்குற ஒப்பந்தமும் மிஷினுக்குள்ள இருக்குற பூட்டும்தான். அதுக்காக "உடைச்சிடலாம் மச்சி"ன்னு கிளம்புற இசிஇ மக்களுக்கு ஒரு தகவல்: 2012 திருத்தத்துல வந்த 65ஏ பிரிவுப்படி, உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. அது போக, மிஷினை ஆன்லைன்ல இருந்து தடை பண்ணிட்டா நஷ்டம் உங்களுக்கு இல்லை, அண்ணனுக்கு.

கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி 1ல இருந்து ஒரு சட்டம் அமல்ல இருக்கு. கொடுக்கிறது வெறும் உரிமம்தான்னு தெளிவா சொல்லாம "வாங்கு"ன்னு பட்டன் வைக்கக் கூடாது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். நம்ம நுகர்வோர் சட்டத்துல அப்படி ஒண்ணு வந்தா நான் சந்தோஷப்படுவேன். குறைஞ்சபட்சம் எதுக்குக் காசு கொடுக்குறோம்னு தெரியுமில்ல?

இரவல் ஒண்ணும் திருட்டோட தம்பி இல்லை. நம்ம பாசஞ்சர்லயே சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கினா சீர்காழி. இந்திய நூலகத் துறைக்கு வழிகாட்டின எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892ல பிறந்த ஊர். 1931ல மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்தி ஊர் ஊரா இரவல் கொடுத்தாங்க. 1948ல சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டமே வந்துச்சு. இரவலுக்குன்னு சட்டம் போட்ட மண்ணு இது. திருப்பாதிரிப்புலியூர்ல 1906ல பிறந்த புதுமைப்பித்தனோட எழுத்துக்களை 2002ல தமிழக அரசு நாட்டுடைமை ஆக்குச்சு. அதுக்கு முன்னாடியும் அவர் புத்தகத்தை லைப்ரரியில எடுத்துப் படிச்சவங்க "குடும்பக் குழு"வுல சேர்ந்துட்டா படிச்சாங்க?

கம்பெனியை இவ்வளவு திட்டினேன், நம்ம பக்கமும் கொஞ்சம் பேசணும். இரவல் மிஷினோட அண்ணனோட அக்கவுண்ட் பாஸ்வேர்டையும் கேக்குற பழக்கம் இருக்கே, அதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த அக்கவுண்ட்ல அவரோட கார்டு விவரம் இருக்கும், மெயில் இருக்கும், பையனோட சேவ் இருக்கும். வீட்டுச் சாவி கொடுத்தா பீரோ சாவியும் கேக்குற மாதிரி அது. வாங்கின அன்னிக்கே உங்க பேர்ல தனி யூசர் திறங்க. அவர் யூசரைத் தொடாதீங்க. பெற்றோர் கட்டுப்பாட்டை எடுக்கணும்னா மிஷின் பெட்டியில இருக்கும்போதே கேட்டு வாங்குங்க. திருப்பிக் கொடுக்குறதுக்கு முந்தின வாரம், வேற யார்கிட்டயாவது ஸ்விட்ச் இருந்தா ரெண்டையும் பக்கத்துல வெச்சு உங்க சேவை மாத்திக்கலாம். உங்க நின்டென்டோ அக்கவுண்ட் யூசரோட இணைஞ்சிருந்தாத்தான் அது நடக்கும், அதனால முதல் நாளே இணைச்சிடுங்க.

நம்ம காலேஜ் லைப்ரரியில ஒரு அலமாரி கேக்கலாம்னு எனக்கு ஒரு ஆசை. நிறைய வேண்டாம், பத்து கேம் கார்டு, ரெண்டு மிஷின், வழக்கமான லைப்ரரி டோக்கன். காசு வாங்காத இரவல். கம்ப்யூட்டர் கிளப் மக்கள் யாராவது மனு எழுதினா முதல் கையெழுத்து என்னோடது. ஒண்ணு மட்டும் பார்த்து வாங்கணும். 2025 ஜூன்ல ஸ்விட்ச் 2 வந்ததுல இருந்து "கேம் கீ கார்டு"ன்னு ஒரு வகை வருது. அதுக்குள்ள கேம் இருக்காது, இணையத்துல இருந்து இறக்கிக்கிற சாவி மட்டும்தான் இருக்கும். இரவல் கொடுக்கலாம், உண்மைதான். ஆனா சர்வர் இருக்குற வரைக்கும்தான் இறக்க முடியும். டப்பாவோட முன்பக்கம் அடியில, சாவிப் படத்தோட ஒரு பட்டை போட்டிருப்பாங்க. அது இருந்தா அந்த டப்பாவை அப்படியே திருப்பி வெச்சிடுங்க.