நாசம் செய்தது யார்?

நாசவேலை! இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனம் எங்கே ஓடுகிறது? நள்ளிரவு, முகமூடி, கையிலே வெடிமருந்து, கூலி கொடுத்தவன் ஓர் அயல்நாட்டான். திரைப்படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். பூமியின் வயிற்றைக் குடைந்து செல்லும் மாபெரும் எந்திரம் ஒன்று இருக்கும். அதன் திருகைக் கழற்ற வஞ்சகன் ஒருவன் இருப்பான். கடைசிக் காட்சியில் அவன் பிடிபடுவான். நாமும் நிம்மதியாக எழுந்து விடுதிக்குத் திரும்புவோம்.

நண்பர்களே, நான் புவி இயற்பியல் மாணவன். நிலத்தைத் துளைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. பெயர் பெற்ற துளைகள் சிலவற்றின் வரலாற்றைப் படித்திருக்கிறேன். பெயர் பெறாத ஒரு துளையின் அருகே சென்ற கோடையில் நின்றிருக்கிறேன். எங்கும் அந்த வஞ்சகனை நான் காணவில்லை. கண்டது வேறு.

முதலில் பெரிய கதையைச் சொல்கிறேன்.

1909ஆம் ஆண்டில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்தார் குரோவேஷிய அறிஞர் மொகொரோவிசிக். ஓர் ஆழத்துக்குக் கீழே அலைகள் திடீரென விரைவு பெறுகின்றன என்று கண்டார். மேலோடு முடிந்து, 'கவசம்' என்று பாடநூல்கள் கூறும் அடுத்த அடுக்கு தொடங்கும் எல்லை அது. நிலப்பகுதியில் அவ்வெல்லை முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடலடியிலோ ஏறத்தாழ ஏழே கிலோமீட்டர்! அப்படியானால் கடலில் கப்பலை நிறுத்தித் துளைத்தால் என்ன?

இந்த எண்ணம் 1957இல் அமெரிக்காவில் பிறந்தது. வால்ட்டர் மங்க், ஹாரி ஹெஸ் போன்ற பேரறிஞர்கள் முன்னின்றார்கள். அதை ஏற்றுக்கொண்ட சங்கத்தின் பெயர்தான் வேடிக்கை: அமெரிக்கப் பல்வகைச் சங்கம். நம் ஊர் வழக்கில் பலசரக்குச் சங்கம் எனலாம். உறுப்பினர் பட்டியல் கிடையாது, விதிமுறை கிடையாது, சந்தாவும் கிடையாது. (நம் மன்றத்தில் சிலர் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.) விளையாட்டாகத் தொடங்கிய அச்சங்கம், மோஹோல் என்னும் திட்டத்துக்குத் தாயாயிற்று.

அதே ஆண்டு டொரன்டோவில் உலகப் புவி அறிவியலாளர் மாநாடு நடந்தது. ஆழத்துளையிடும் கருவி தங்களிடம் ஆயத்தமாக இருப்பதாக அங்கே சோவியத் அறிஞர் ஒருவர் கூறினார் என்பர். போதாதா? "அவன் முந்திவிடுவான்" என்ற அச்சத்துக்கு இருக்கும் வலிமை, "அறிந்துகொள்வோம்" என்ற ஆசைக்கு எந்த நாட்டு நிதியமைச்சிலும் இருந்ததில்லை. பணம் வந்தது.

1961 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில், மெக்சிகோவின் குவாதலூப்பே தீவருகே, 'கஸ் 1' என்னும் கப்பல் 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழக்கடலில் நின்றது. அவ்வளவு ஆழத்தில் நங்கூரம் பயன்படாது. நான்கு புறமும் உந்திகளைப் பொருத்தி, மிதவைகளை அடையாளமாகக் கொண்டு, கப்பலை ஒரே இடத்தில் நிற்கச் செய்தார்கள். காற்றோ நீரோட்டமோ கப்பலைத் தள்ளினால் குழாய்த் தொடர் முறியும், ஆயினும் நின்றது. கடலடியைத் துளைத்து 183 மீட்டர் இறங்கினார்கள். கடைசிப் பதின்மூன்று மீட்டர் கரும்பாறை. எழுத்தாளர் ஸ்டெயின்பெக் உடன் சென்று பத்திரிகையில் எழுதினார். குடியரசுத் தலைவர் கென்னடி வாழ்த்தனுப்பினார்.

அந்த வெற்றியோடு சண்டையும் தொடங்கிற்று! 1962இல் அடுத்த கட்டத்துக்கான ஒப்பந்தம் ஹூஸ்டன் நகரத்துப் பிரவுன் அண்டு ரூட் நிறுவனத்துக்குப் போயிற்று. முதல் மதிப்பீட்டில் தலைமை இடம் பெற்றிருந்தது வேறொரு குழு. அறிவியல் நிதியை ஆராயும் மன்றக் குழுவின் தலைவரோ அதே ஹூஸ்டனின் பிரதிநிதி. இதனால் எழுந்த ஐயம் திட்டத்தைக் கடைசிவரை விடவில்லை. குவாதலூப்பேயில் வென்று காட்டிய பாஸ்கமும் அவருடைய குழுவினரும் புதிய நிறுவனத்தோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறினார்கள். கப்பலை நிற்கச் செய்த கைகள் போய்விட்டன.

மற்றொரு சண்டை அறிஞர்களுக்குள்ளேயே நடந்தது. "இடைநிலைக் கப்பல் ஒன்றைக் கட்டி, கடலடிப் படிவுகளைத் துளைத்துப் பழகுவோம்" என்றது ஒரு சாரார் கருத்து. "நேரே கவசத்துக்குப் போவோம், பெரிய மேடையைக் கட்டுவோம்" என்றனர் மற்றொரு சாரார். சங்கக் குழுவின் தலைவர் ஹெட்பெர்க் முதற் கருத்தினர். குறைகளை மறைக்காமல் சொன்னார். 1963இல் பதவி விலகினார். செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போய்ப் பத்துக் கோடி டாலரைத் தாண்டிற்று. 1966இல் மன்றம் கையை விரித்தது. பெரிய மேடை கடலைக் காணவே இல்லை.

இதில் ஒற்றன் எங்கே? வெடிமருந்து எங்கே? எல்லோரும் அத்துளையை விரும்பியவர்கள்! இரண்டு ஆண்டு கழித்து, 1968இல், குளோமார் சேலஞ்சர் என்னும் கப்பல் படிவுகளைத் துளைக்கப் புறப்பட்டது. கடலடி விரிகிறது என்ற கொள்கைக்கு உறுதியான சான்றுகளைக் கொண்டு வந்தது. ஹெட்பெர்க் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தானே!

எதிர்த் தரப்புக்கு வருவோம். சோவியத் நாட்டில் 'நாசவேலை' என்ற சொல் எளிதாகப் புழங்கியது. 1949இல், கிராஸ்நோயார்ஸ்க் பகுதியின் யுரேனியப் படிவுகளை வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டிப் புவியியலாளர்களைச் சிறையில் தள்ளினார்கள். சிலர் அங்கேயே மாண்டனர். 1954இல் மற்றவர்கள் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள். நாசக்காரனைத் தேடுவதே எவ்வளவு பெரிய நாசம்!

அந்நாடு 1970இல் கோலா தீபகற்பத்தில் தன் துளையைத் தொடங்கியது. 1979இல் அமெரிக்கரின் 9,583 மீட்டர்ச் சாதனையைக் கடந்தது. 1983இல் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டியது. மறு ஆண்டு மாஸ்கோவில் உலகப் புவியியல் மாநாடு. விருந்தினர்க்குக் காட்டுவதற்காகப் பணி ஏறத்தாழ ஓராண்டு நின்றது. செப்டம்பரில் மீண்டும் தொடங்கியதும் குழாய்த் தொடர் அறுந்தது. ஐந்து கிலோமீட்டர்க் குழாய் உள்ளேயே தங்கிவிட, ஏழாவது கிலோமீட்டரிலிருந்து புதிதாகத் துளைத்தார்கள். 1989இல் 12,262 மீட்டர் எட்டினார்கள். நூறு பாகை என்று எதிர்பார்த்த இடத்தில் வெப்பம் நூற்றெண்பது. பாறை குழம்புபோல் இளகி வழிவிட மறுத்தது. அங்கே தடுத்தது பூமிதான். அதன்மேல் எவரும் வழக்குத் தொடரவில்லை.

இனி என் சிறிய துளை.

1967 டிசம்பரில் நிலநடுக்கம் கண்ட கொய்னாவில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆய்வுத்துளை இட்டிருப்பதை அறிவீர்கள். எங்களுடையது அவ்வளவு பெரிதன்று. தக்காணக் கரும்பாறையில் 150 மீட்டர், அவ்வளவே. ஆனால் அதற்கு உரிமை கொண்டாடியவை இரண்டு குழுக்கள். பாறையின் வெப்பத்தை அளப்பவர்களுக்குத் துளை முடிந்தபின் பல மாதம் எவரும் தொடாமல் இருக்கவேண்டும். துளைத்த சூடு ஆறினால்தான் அளவு மெய்யாகும். நிலநடுக்கக் கருவியை இறக்க நினைத்த எங்களுக்கோ மழைக்கு முன்பே வேலை முடியவேண்டும். இருவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. உட்கார்ந்து பேசியிருந்தால் அரைநாளில் தீர்ந்திருக்கும். உட்காரவில்லை. இரண்டு பதிவேடுகள் வந்தன. இரண்டு பூட்டுகள் வந்தன. தேநீர்க் கடையிலும் இரண்டு மேசைகள்.

ரிக் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. இந்தியா முழுவதும் போர் போடுகிறவர்கள் அவ்வூரார் என்பதை வெளிமாநிலத்தில் வளர்ந்த நான் அன்றுதான் கண்ணாரக் கண்டேன். டிரில்லர் அண்ணனோடு தமிழ் பேசக் கிடைத்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

94 மீட்டரில் ஒரு மாலை வேலை நின்றது. அன்றிரவு, மறு குழுவினர் அறியுமுன் நீர்மட்டத்தை அளந்துவிட வேண்டும் என்று, எவருக்கும் சொல்லாமல் போய் மூடியைக் கழற்றினேன். கை வழுக்கியது. ஸ்பேனர் உள்ளே போயிற்று. அது சுவரில் இடித்து இடித்து இறங்கிய ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. மூடியைக் கையாலேயே திருகிவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் சொல்லியிருக்கலாம். காந்தத்தைக் கட்டி இறக்கி எடுத்திருப்பார்கள். துளைக்குள் விழுந்த பொருளுக்குத் துளைப்பவர்கள் இட்ட பெயரே 'மீன்' என்பதுதான். அதைப் பிடிப்பதற்கென்றே கருவிகள் உண்டு. நான் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: சொன்னால் அவர்கள் குழு வென்றுவிடும்!

பத்து மணிக்கு ஹேமர் இறுகியது. மேலும் வரவில்லை, கீழும் போகவில்லை. ஹேமரும் சில ராடுகளும் அங்கேயே புதைந்தன.

"தம்பி, இது பாறையோட வேலை இல்லீங்க. மேலிருந்து ஏதோ விழுந்திருக்குது" என்றார் டிரில்லர் அண்ணன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

பிற்பகலில் அந்தச் சொல் பிறந்துவிட்டது: நாசவேலை. முந்திய நாள் இருட்டியபின் அப்பக்கம் காணப்பட்டவன் மறு குழுவின் மாணவன் ஒருவன். விடுதியில் என் அடுத்த அறைக்காரன். வெப்பமானியை மறந்துவிட்டு எடுக்கப் போனானாம். யார் நம்புவார்? பதினொரு நாள் அவன் தலைநிமிராமல் நடந்தான். பதினொரு நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் என் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர். என் தோள்மீது கை வைத்தார். "சொன்னது நல்லது. எழுத்தில் மட்டும் கொடுக்காதே, அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள்" என்றார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டபோதுதான் மோஹோல் எனக்கு விளங்கிற்று. போட்டி தீயதென்று நான் கூறவில்லை. டொரன்டோவில் எழுந்த அச்சம் இல்லாமற்போனால் அந்தக் கப்பலே கடலுக்குப் போயிருக்காது. ஆனால் போட்டி ஓர் எல்லையைத் தாண்டினால், குறையைச் சொல்வது எதிரிக்குக் கொடுக்கும் பரிசாகிவிடுகிறது. ஹெட்பெர்க் சொன்னார், சொன்னவர்தான் வெளியே போனார். சொல்லாதபோது சில சமயம் உயிரே போகிறது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்துப் பதினொருவர் இறந்தார்கள். துளையை அடைத்த சிமெண்டுக் கலவை நிலையாக நிற்காதென்று காட்டிய சோதனை அதற்கு முன்பே நடந்திருந்தது. ஒரே மேடையில் பல நிறுவனங்கள்; அவற்றிடையே அந்தச் செய்தி உரிய வகையில் போய்ச் சேரவில்லை என்று அமெரிக்கத் தலைவர் அமைத்த விசாரணைக் குழு எழுதியது.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. ஒரே துளைக்கு, ஒரே கருவிக்கு, ஒரே பதிவேடு. இரு தரப்பும் அன்றன்று கையொப்பமிட வேண்டும். விழுந்தது, உடைந்தது, தவறாக அளந்தது எல்லாம் அதில் ஏறவேண்டும். எழுதியவனுக்கு அதனால் தண்டனை வரக்கூடாது. வேதியியல் கூடத்திலும் பொறியியல் பட்டறையிலும் உழைக்கும் நம் தமிழ் மாணவர்கள் தத்தம் துறையில் இதைக் கேட்கவேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், எனக்கும் சுளித்தார்கள்.

நான் எழுத்தில் கொடுத்துவிட்டேன். இரண்டு பதிவேட்டிலும் ஒரே வாசகத்தை என் கையாலேயே எழுதினேன். அடுத்த அறை நண்பன் படித்தான், "சரி" என்றான். அதற்குமேல் இன்றுவரை பேசவில்லை. டிரில்லர் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தெரியுமுங்க தம்பி. மூடி கையால திருகியிருந்துச்சுங்களே" என்றார்.

மழை ஓய்ந்ததும் பழைய துளைக்கு முப்பது மீட்டர் தள்ளிப் புதிய துளை தொடங்குகிறது. போன ராடுகளுக்குப் பணம் யார் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. அவர் வண்டியே வரவேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.