பழைய லேப்டாப்பை ஒதுக்கலாமா?

ஆஸ்டின் டவுனில், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அப்பா, லேப்டாப் ஆமை மாதிரி ஓடுது, புதுசு வாங்கிக் கொடுங்க." வாடகை கொடுக்கவே திணறும் தகப்பனார் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

அவசரப்பட வேண்டாம் என்பதே நமது கருத்து.

பல பழைய லேப்டாப்புகளில் தாமதத்துக்குக் காரணம், உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால், நிமிடக்கணக்கில் திறந்த லேப்டாப் சில விநாடிகளில் திறக்கும். சிறிய எஸ்.எஸ்.டி. இருந்து இடம் நிரம்பிவிட்டதா? பெரியதாக மாற்றலாம்.

எஸ்.பி. ரோட்டுக்குப் போகுமுன் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2.5 அங்குல சாட்டா வகையா, எம்.2 வகையா என்று தெரிய வேண்டும். எம்.2-விலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். சில மெல்லிய லேப்டாப்புகளில் இதைக் கழற்றவே முடியாதபடி பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். வாங்குகிறவரின் கையைக் கட்டிப்போடும் வேலை இது!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதி நிறுத்திவிட்டது. பல பழைய லேப்டாப்புகள் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸ் போடலாம். அது இலவசம்.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடக்கூடாது. அழித்துவிட்டதாக நினைக்கும் குடும்பப் படங்களையும், ஆதார் நகலையும் அதிலிருந்து மீட்டெடுக்க முடியும். கையோடு கேட்டு வாங்கி வாருங்கள். கடைக்காரர்கள் கேட்காமலே கொடுத்தால் இன்னும் நல்லது.