சிவில், மெக்கானிக்கல் மாணவர்களும் கோடிங் படிக்கணுமா? விருப்பப் பாடங்களில் உள்ள வழிகளும் சிக்கல்களும்

திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் உள்ள சேதுராப்பட்டியில் இரண்டு பொறியியல் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் (ஐஐஐடி), மற்றொன்று ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரி. இரண்டும் 2013-ல் தொடங்கப்பட்டவை. முதலாவதில் புரோகிராமிங்தான் அன்றாடப் படிப்பு. இரண்டாவதில் சிவில், மெக்கானிக்கல் போன்ற பிரிவுகளில் படிப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட முதல் செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது.

ஆனால், வளாக நேர்காணலுக்கு வரும் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவும் எல்லாப் பிரிவு மாணவர்களையும் ஒரே தேர்வுக்குத்தான் உட்கார வைக்கின்றன. அதில் கோடிங் பகுதியும் உண்டு. அதனால்தான் 'எந்த பிராஞ்ச் எடுத்தாலும் கோடிங் கத்துக்கோ' என்ற அறிவுரை வீட்டுக்கு வீடு கேட்கிறது. எங்கே, எப்போது, எவ்வளவு படிப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, எல்லாப் பிரிவினருக்கும் முதல் செமஸ்டரில் பைத்தான் பாடம் கட்டாயம். எழுத்துத் தேர்வுக்கு 3 கிரெடிட், ஆய்வகத்துக்கு 2 கிரெடிட். அதன்பிறகு சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு முக்கியமாக 'ஓப்பன் எலெக்டிவ்' எனும் விருப்பப் பாடங்கள் வழியாகத்தான் திரும்பி வருகிறது. அந்தப் பட்டியலில் டேட்டா சயின்ஸ் அடிப்படைகள், செயற்கை நுண்ணறிவு அடிப்படைகள் போன்ற பாடங்கள் உள்ளன.

ஆர்வம் அதிகம் உள்ளவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் படித்து வேறொரு துறையில் 'மைனர்' தகுதியும் பெறலாம். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. 2025-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் தங்களுக்கான புதிய ஒழுங்குமுறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், காலம். ஓப்பன் எலெக்டிவ் பெரும்பாலும் 6, 7-வது செமஸ்டர்களில்தான் வருகிறது. வளாகத் தேர்வுகளோ 7-வது செமஸ்டர் தொடக்கத்திலேயே சூடுபிடித்துவிடுகின்றன. முதல் செமஸ்டரில் படித்த பைத்தான் இரண்டு வருடத்தில் மறந்துபோகும். மறுபடி அதைத் தொடும்போது தேர்வு வாசலில் நிற்கும்.

இரண்டாவது, பெயருக்குத்தான் விருப்பம். ஒரு பாடத்தை நடத்த ஆசிரியரும் வேண்டும், போதுமான மாணவர்களும் வேண்டும். அதனால் பல கல்லூரிகளில் வகுப்பு முழுவதற்கும் ஒரே எலெக்டிவை முடிவுசெய்துவிடுகிறார்கள். 'சார் சொன்னதைத்தான் எடுத்தோம்' என்பது மாணவர்களிடம் சாதாரணமாகக் கேட்கும் பதில்.

மூன்றாவது, பணம். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் தனியார் பயிற்சி மையங்கள் வளர்கின்றன. 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. பயிற்சி மையத்தின் கட்டணத்தை அவர் வீடுதான் ஏற்க வேண்டும்.

செலவில்லாத வழிகள் உண்டா?

உண்டு. தமிழக அரசு 2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பொறியியல் மாணவர்களுக்குத் திறன் படிப்புகள் வழங்கப்படுகின்றன. கல்லூரி நேரத்திலேயே, கிரெடிட்டோடு சேர்த்துப் படிக்க முடிவது இதன் பலம். சான்றிதழ் வாங்குவதோடு நின்றுவிட்டால் பலன் குறைவு. நேர்காணலில் கேட்பது சான்றிதழை அல்ல, 'இதை வச்சு என்ன செஞ்சீங்க?' என்பதை.

அடுத்தது என்பிடெல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் இந்தத் தளத்தில் பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம் உண்டு. ஜனவரி, ஜூலையில் தொடங்கும் படிப்புகளில் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75 மதிப்பெண். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் 8 வாரம். இதைக் கல்லூரி கிரெடிட்டாக மாற்ற நினைப்பவர்கள் சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிவிடுவது நல்லது. முடித்தபிறகு கேட்டால் சிக்கல் வரலாம்.

மூன்றாவது, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பு. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதிலும் சேரலாம். வருமானம், சமூகப் பிரிவு அடிப்படையில் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் இது இன்னொரு முழுப் படிப்பு. அரியர் வைத்திருப்பவர்கள் இதில் இறங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சொந்தத் துறைக்கு இதனால் என்ன பயன்?

கோடிங் என்றாலே ஐ.டி. வேலை என்ற எண்ணம்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தையும் துவாக்குடி வட்டாரத்தில் அதைச் சார்ந்து இயங்கும் சிறு தொழிற்கூடங்களையும் எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்துக்கும் நிரல்தான் தேவை. கட்டுமானத்தில் கம்பி வளைப்புப் பட்டியல், மதிப்பீடு போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் கணக்குகளை ஒரு சிறிய பைத்தான் நிரல் நிமிடங்களில் முடித்துவிடும்.

'ஏ.ஐ.யே எழுதித் தருதே, நாம எதுக்குப் படிக்கணும்?' என்ற கேள்வியும் இப்போது வருகிறது. எழுதித் தருவது உண்மை. ஆனால் நியூட்டனில் வர வேண்டிய விடை கிலோநியூட்டனில் வந்திருப்பதைக் கண்டுபிடிக்க, நிரலும் புரிய வேண்டும், பொறியியலும் தெரிய வேண்டும். சிவில் மாணவருக்கு இந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் பலம்.

எப்படித் திட்டமிடலாம்?

முதல் வருடப் பைத்தானை வெறும் மதிப்பெண்ணுக்காகப் படிக்காமல், இரண்டாம் வருடத்தில் ஒரே ஒரு என்பிடெல் படிப்பால் தொடரலாம். மூன்றாம் வருடத்தில் சொந்தத் துறை சார்ந்த ஒரு சின்ன புராஜெக்ட் செய்யலாம். ஒரே நேரத்தில் மூன்று சான்றிதழ்களைத் துரத்தத் தேவையில்லை. பல நிறுவனங்கள் நிலுவைத் தாள் இல்லாதவர்களையே தேர்வுக்கு அனுமதிக்கின்றன. கோடிங்குக்காக மெயின் பாடத்தைக் கோட்டைவிட்டால் இரண்டுமே கைக்கு வராது.

கல்லூரிகளும் செய்ய வேண்டியது இருக்கிறது. மாலையில் கம்ப்யூட்டர் ஆய்வகத்தை எல்லாத் துறையினருக்கும் திறந்துவைக்கலாம். எலெக்டிவ் பட்டியலை வகுப்பில் வைத்து, மாணவர்களிடம் கேட்டு முடிவுசெய்யலாம். வீட்டில் லேப்டாப் இல்லாத மாணவருக்கு, கட்டணமில்லாப் பாடம் பயன்படுவதும் படாமல் போவதும் அந்த ஆய்வகக் கதவைப் பொறுத்தே இருக்கிறது.