போகிக்கு முன் பரணைப் பாருங்கள்

மார்கழி பாதி கழிந்தால் போதும், எங்கள் தண்டலத்தில் பழைய இரும்புக் கடைத் தராசுக்கு ஓய்வே கிடையாது. போகி வருகிறதல்லவா? முன்பு தெருவில் போட்டுக் கொளுத்தியதில் பாதியை இப்போது கிலோக் கணக்கில் கடையில் போட்டுவிடுகிறோம். புகை குறைந்தமட்டும் நல்லதுதான். ஆனால் அந்தச் சாக்குக்குள் என்னென்ன போகிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? நான் பார்க்கிறவள். நசுங்கின எண்ணெய் டின், ஓட்டை வாளி, உடைந்த டார்ச் லைட், இவற்றுக்கு அடியில் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்று கிடக்கிறதா என்று கிளறுவதுதான் எனக்குச் சில வருஷங்களாக அரையாண்டு லீவு வேலை.

"சக்கரம்கூட இல்லே, இதை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்பார் கடைக்காரர்.

"இருக்கட்டும் அண்ணே, எடைக்கு மேலே பத்து ரூபா சேர்த்து வாங்கிக்குங்க" என்று சொல்லி வாங்கி வந்துவிடுவேன்.

சென்னையில் வளர்ந்த சகோதரிகளுக்கு மூர் மார்க்கெட் ஞாபகம் இருக்கும். 1900-இல் திறந்தது, 1985 மே மாதம் தீயில் போயிற்று. பழைய புத்தகம், கிளி, பொம்மை என்று எதைக் கேட்டாலும் கிடைத்த இடம். இன்று அங்கே புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. பொம்மை ரயில் வாங்க அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் இப்போது நிஜ ரயில் ஏறுகிறோம்! அந்தக் காலத்தில் வாங்கின வண்டிகள் எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. பல வீடுகளில் பரண் மேலே, கொலுப் பெட்டிக்குள்ளே, உடைந்த செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கின்றன. கொலுவில் கீழே 'பார்க்' அமைப்போமே, அதற்கென்று வாங்கியவையே நிறைய.

சேகரிப்பவர்கள் உயர்வாகப் பேசுவது ஜெர்மனியின் மார்க்லின், இங்கிலாந்தின் ஹார்ன்பி. மார்க்லின் 1859-இல் தொடங்கிய நிறுவனம். பொம்மைத் தண்டவாளங்களுக்கு ஒழுங்கான அளவுகளை வகுத்து 1891-இல் லைப்சிக் சந்தையில் வைத்தது. ஹார்ன்பியின் சாவி ரயில் 1920-இல் வந்தது. தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். அடிப்பக்கத்தில் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், ஜப்பான் அமெரிக்கர் பிடியில் இருந்தபோது, அதாவது 1952-க்கு முன் செய்தது என்று தெரிந்துகொள்ளலாம். நம் பக்கம் எடைக்கு வருவது பெரும்பாலும் ஊர் பேர் இல்லாத உள்நாட்டு வண்டிதான். எனக்கு அதுவே பிடிக்கிறது. விலை போகுமா என்று கேட்காதீர்கள். தாத்தா ஓட்டின வண்டியை எடைபோட்டு விலை சொல்ல நான் வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பிரஸ் ஷாப்பில் வேலை. ஒரு இஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அக்கா, இது எங்க வேலையேதான்! தகட்டுலே முதல்லே படத்தை அச்சடிச்சுட்டு, அப்புறம் டை வெச்சு வெட்டி வளைச்சிருக்காங்க. ஆணி, திருகு எதுவும் இல்லே பாருங்க" என்றார். நிஜந்தான். ஒரு தகட்டின் சிறு நாக்கு அடுத்த தகட்டின் வாயில் நுழைந்து மடங்கியிருக்கும். அவ்வளவுதான் பிடிப்பு. அதனால் அந்த நாக்கை நிமிர்த்திப் பிரித்துப் பார்க்காதீர்கள். இரண்டு தரம் மடக்கினால் ஒடிந்துவிடும்.

இனி, கைக்குழந்தைக்காரிகள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தகட்டின் மேல் பூசியிருப்பது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அதுதான், பயமில்லை. பயப்பட வேண்டியது காரீயத்துக்கு. பழைய பெயின்ட்டில், அதிலும் மஞ்சளிலும் சிவப்பிலும், காரீயம் கலப்பது அன்று வழக்கம். பற்றவைத்த இடங்களிலும் உண்டு. வாயில் வைத்துச் சப்புகிற குழந்தைக்கு இது மெல்ல மெல்ல மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், ரத்த சோகை கொடுக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்துக்கு நம் அரசு 90 பிபிஎம் என்று வரம்பு கட்டியதே 2016-ஆம் வருஷ விதியில்தான். ஆகவே தாத்தாவின் ரயில் கண்ணாடி அலமாரிக்கு. பேரனின் கைக்கு வேறு ரயில். அதை வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பழைய வண்டியைப் பெரியவர் யாராவது சாவி கொடுத்து ஓட்ட, பிள்ளைகள் எட்ட நின்று கைதட்டட்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துருப்பிடித்த விளிம்பு கீறிவிட்டால் டாக்டரிடம் காட்டி, டி.டி. ஊசி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் நம் கை சும்மா இராது. புளி, சபீனா, தேங்காய் நார் எதுவும் வேண்டாம்! பித்தளைச் சொம்பு பளபளக்கும். இதிலோ படமே உரிந்து வெறும் தகரம் மிஞ்சும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் காரீயத் தூள் வீடெல்லாம் பறக்கும். புதுப் பெயின்ட்டும் அடிக்காதீர்கள். சேகரிப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். துணியை லேசாக நனைத்துப் பிழிந்து ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். துணியையும் பிறகு தூர எறிந்துவிடுங்கள். சாவி முறுக்க வரவில்லையா? தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு. தேங்காயெண்ணெய் விட்டால் மார்கழிக் குளிரில் உறைந்து பல்சக்கரத்தைக் கட்டிப் போட்டுவிடும். எடுத்து வைக்கும்போது ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு, நன்றாக உலர்ந்த பழைய வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். கூடவே கிழிந்த அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் விடாதீர்கள். சேகரிப்பவர்கள் பெட்டிக்கும் மதிப்பு கொடுப்பார்கள்.

சாவி தொலைந்திருந்தால் சுவர்க் கடிகாரச் சாவி சில சமயம் பொருந்தும். சதுர ஓட்டை உள்ளதாகப் பாருங்கள். எதற்கென்றே தெரியாத சாவி ஒன்றாவது எல்லார் வீட்டுக் கொத்திலும் தொங்குமே, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.