தடிக்குக் கைதட்டலாமா?

சினிமாக் கொட்டகையில் போலீஸ் அதிகாரி ரவுடியை ஓங்கி அறைகிறார். முன்வரிசையிலிருந்து விசில் பறக்கிறது. விசிலடிப்பது யார்? பகலெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் தோலோடு மல்லுக்கட்டிய ஆம்பூர், பேர்ணாம்பட்டுத் தொழிலாளிதான்! அவரைக் குறைகூற நாம் வரவில்லை. கந்துவட்டிக்காரனையும் சாராய வியாபாரியையும் நிஜத்தில் யாரும் தொடுவதில்லை. திரையிலாவது ஒருவன் தொடுகிறானே என்ற ஆத்திரம் அது. நியாயமான ஆத்திரம். ஆனால் அந்த ஆத்திரத்தை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்?

1974-ல் வந்தது 'தங்கப்பதக்கம்'. மகேந்திரன் கதை எழுதி, முதலில் மேடையேறிய நாடகம் அது. சிவாஜி கணேசன் நடித்த எஸ்.பி. சௌத்ரி, குற்றவாளியாகிவிட்ட சொந்த மகனையே சுட்டு வீழ்த்துகிறார். தமிழ்த் திரையில் பின்னால் வந்த போலீஸ் கதாநாயகர்கள் பலருக்கும் சௌத்ரியின் நடையும் மிடுக்கும்தான் அச்சு. 1982-ல் 'மூன்று முகம்' அலெக்ஸ் பாண்டியன் அதோடு வாய்வீச்சையும் சேர்த்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சௌத்ரி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். தன் வீட்டையே அதற்குப் பலி கொடுத்தவர். 2003-ல் வந்த 'காக்க காக்க'வில் நிலைமை தலைகீழ். கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமலே சுட்டுத் தள்ளுவதுதான் அங்கே வீரம். படம் நன்றாக எடுக்கப்பட்ட படம், மறுப்பதற்கில்லை. அதனால்தான் ஆபத்தும் அதிகம். தெலுங்கிலும் இந்தியிலும் அதை மறுபடி எடுத்தார்கள். அதே ஆண்டு 'சாமி', 2010-ல் 'சிங்கம்' என்று வரிசை நீண்டது. "என்கவுன்டர்" என்ற சொல் குழந்தைகள் விளையாட்டில்கூடப் புகுந்துவிட்டது.

2015 ஜூனில் ஆம்பூரில் நடந்ததை இந்த வட்டாரம் மறக்காது. போலீஸ் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞர் மாண்டார். ஊர் கொந்தளித்தது. வண்டிகள் எரிந்தன. பிறகு பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் போய் உயிரிழந்தார்கள். அப்போது 'சாமி', 'சிங்கம்' படங்களின் டைரக்டர் ஹரியே, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். நாற்பதாண்டுக் கைதட்டலுக்குப் பிறகு வந்த வார்த்தை!

மறுபக்கத்தைக் காட்டியவர்களும் உண்டு. ஆட்டோ ஓட்டிய சந்திரகுமார், தாம் லாக்கப்பில் பட்ட அடியை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வெற்றிமாறன் 'விசாரணை' எடுத்தார். 'காக்க காக்க'வில் துப்பாக்கி பிடித்த அதே சூர்யா, 2021-ல் 'ஜெய் பீம்' படத்தில் வக்கீல் அங்கி போட்டார். 1993-ல் லாக்கப்பில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு வழக்கு அது. கொட்டகைக்கு வராமல் நேரே செல்போனுக்கு வந்த படம்; விசிலடிக்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்று 1872-லேயே சட்டம் எழுதினான் வெள்ளைக்காரன். தன் போலீசின்மேல் அவனுக்கே அவ்வளவு நம்பிக்கை! கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். கைதான செய்தி உறவினருக்கோ நண்பருக்கோ போய்ச் சேரவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் காமிரா வைக்க 2020 டிசம்பரில் ஆணையிட்டது. எந்தச் சிங்கமும் திரையில் இவற்றைச் சொல்லித் தராது. ஆகவே, தொழிலாளித் தோழர்கள் சங்கத்து வக்கீலின் போன் நம்பரை இன்றே குறித்து, வீட்டுப் பெண்களிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.