பெட்டியில் வைக்க மறந்த காகிதம்

மந்தைவெளியில் ஒரு வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால், "காசி யாத்திரையா?" என்று இப்பொழுது யாரும் கேட்பதில்லை. "பெண்ணுக்குப் பிரசவமா? எந்த ஊர், கலிபோர்னியாவா?" என்றுதான் கேட்கிறார்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊறுகாய் போட்டாகிறது. பருப்புப் பொடி இடித்தாகிறது. பெட்டியைத் தராசில் பத்து தரம் ஏற்றி இறக்கியாகிறது. "இன்ஷ்யூரன்ஸ் எடுத்தாயிற்றா?" என்று கேட்டால் மட்டும், "கிளம்புகிற சமயத்தில் அபசகுனமாகப் பேசாதேயும்!" என்று பதில் வருகிறது.

எங்கள் தெரு நண்பர் ஒருவரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் நடுநிசியில் அவருக்கு மார்பு வலி கண்டது. பகவான் கிருபையால் பிழைத்தார். ஆஸ்பத்திரிப் பில்லைப் பார்த்ததும் மறுபடியும் மார்பு வலித்ததாம்! அவருடைய பிள்ளை அதைத் தவணை தவணையாகக் கட்டினான். "பேரனைக் கொஞ்சப் போய்ப் பிள்ளையைக் கடனாளியாக்கி விட்டு வந்தேன்" என்று இன்றும் அவர் கண் கலங்குகிறார்.

அமெரிக்காவில் 1986-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவரிடம் பணம் உண்டா இல்லையா என்று பாராமல், அவசர சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிகள் முதலில் ஆபத்தை நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டந்தான். ஆனால் பில் வராது என்று அது சொல்லவில்லையே! அந்நாட்டு முதியோருக்குரிய 'மெடிகேர்' திட்டமும் விருந்தாளிகளுக்குக் கிடையாது.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்திய இன்ஷ்யூரன்ஸ் காட்டினால்தான் விஸா கொடுக்கின்றன. நம் அரசாங்கமோ, குடியேற்ற அனுமதி பெற்று வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கு 2003-ல் 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்து, இன்ஷ்யூரன்ஸைக் கட்டாயமாக்கியது. துபாய்க்குக் கொத்து வேலைக்குப் போகிறவர் பத்திரத்துடன் போகிறார். விருந்தாளி விஸாவுக்கு அமெரிக்கா இன்ஷ்யூரன்ஸ் கேட்பதில்லையாதலால், பென்ஷன் வாங்கும் படித்த மனிதர் வெறுங்கையுடன் விமானம் ஏறுகிறார்!

பத்திரம் வாங்குவதிலும் ஜாக்கிரதை வேண்டும். இங்கே நாம் எடுத்திருக்கும் சாதாரண மெடிகிளெயிம் பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான் செல்லும். பிரயாண இன்ஷ்யூரன்ஸைப் புறப்படுமுன்பே வாங்கிவிடுவது நலம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு முதலியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பணம் கேட்கும் சமயத்தில் அதுவே எமனாக வரும். பழைய வியாதிக்கு உதவி உண்டா, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் உண்டா என்று பார்த்துக் கொள்ளுங்கள். முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு போடவேண்டும் என்பதையும் விசாரியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன் கம்பெனிக்கு டெலிபோன் செய்யவேண்டும். அந்த எண்ணைப் பெண்ணிடமோ பிள்ளையிடமோ முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

நண்பர் மறுபடியும் போகப் போகிறார், இரண்டாவது பேரனைப் பார்க்க. இந்தத் தடவை ஊறுகாய் ஜாடியைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால், பத்திரத்தை எடுத்து வைத்தது அவருடைய மனைவி!